மைட்ரல் வால்வு கசிவை எக்கோவில் அளப்பது: முழுமையான வழிகாட்டி

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டதும் தெரிந்துவிடும். எவ்வளவு கசிகிறது என்று சொல்வதுதான் வேலை. நோயாளியை ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதா, அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவதா என்று டாக்டர் யோசிக்கும்போது, நாம் எழுதிக் கொடுத்த அந்த எண் அவர் முன்னால் இருக்கும்.

பயிற்சிக்கு வருபவர்கள் சூத்திரத்தில் தவறுவது குறைவு. சூத்திரத்தை மெஷினே போட்டுக்கொள்கிறது. அவர்கள் தவறுவது வரிசையில். வால்வைப் பார்க்காமல் கலரைப் போடுகிறார்கள், கலரைச் சரி செய்யாமல் அளக்கிறார்கள், அளந்ததை வேறு எதோடும் ஒப்பிடாமல் எழுதிவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

எக்கோ டெக்னீஷியன் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் கார்டியாலஜி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வழக்கமான வியூக்கள் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மார்பின் மேல் புரோப் வைத்து எடுக்கும் எக்கோவில், பீசா முறையில் (கசியும் துளையை நோக்கி ரத்தம் குவியும் இடத்தை வைத்துக் கணக்கிடுவது) மைட்ரல் கசிவை அளப்பதுதான் இங்கே முதன்மை. வரம்பு எண்கள் அமெரிக்க எக்கோகார்டியோகிராஃபி சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளவை.

1. புரோப்பைத் தொடும் முன்

உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் மெஷினில் போட்டுவிடுங்கள். இதில் அதிகம் தவறவிடப்படுவது ரத்த அழுத்தம். காலையில் வார்டில் எடுத்த எண் போதாது. எக்கோ எடுக்கும் நேரத்தில், அதே படுக்கையில் எடுத்தது வேண்டும்.

காரணம் இதுதான். கசிவைத் தள்ளுவது இடது கீழறைக்கும் இடது மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். மேல் அழுத்தம் 180 இருக்கும்போது மிரட்டலாகத் தெரியும் கசிவு, மருந்து கொடுத்து 110-க்கு வந்ததும் அடங்கித் தெரியலாம். அடுத்த முறை வேறொருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மாறியது வால்வா அழுத்தமா என்று தெரிய வேண்டுமானால் அந்த எண் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்த நிலையில் பார்க்கும் கசிவு குறைவாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

ஈ.சி.ஜி. லீடுகளை ஒட்டி, அலை தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். கசிவு சிஸ்டோல் (கீழறை சுருங்கும் நேரம்) முழுக்க இருக்கிறதா, பிற்பகுதியில் மட்டுமா என்பது பின்னால் பெரிய கேள்வியாக வரும். ஈ.சி.ஜி. இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் நோயாளியை இடது பக்கமாக நன்றாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். "ஐயா, இடது கையைத் தலைக்குக் கீழ வச்சுக்கோங்க. மூச்சை மெதுவா வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று ஒரு முறை சொல்லிப் பழக்கிவிட்டால் பின்னால் நேரம் மிச்சம். மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் குறுக்கே வந்துவிடும். வெளியே விட்டு நிறுத்துவதுதான் பெரும்பாலும் உதவும்.

2. கலர் இல்லாமல் வால்வைப் பாருங்கள்

பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸ், ஷார்ட் ஆக்சிஸ், ஏபிக்கல் ஃபோர் சேம்பர், டூ சேம்பர், த்ரீ சேம்பர். எல்லாவற்றிலும் கருப்பு வெள்ளையில் மட்டும் பாருங்கள். கை கலர் பட்டனுக்குப் போகும், போக விடாதீர்கள்.

ஏன் கசிகிறது என்று முதலில் தெரிந்தால்தான், எந்த அளவீடு நம்மை ஏமாற்றும் என்று தெரியும். பொதுவாக மூன்று காட்சிகள் வரும்.

இதழ் மேலறைக்குள் சரிந்து விழுவது ஒன்று. புரொலாப்ஸ், அல்லது இதழைப் பிடித்திருக்கும் நாண் அறுந்து இதழின் நுனி மேலறைப் பக்கம் அடித்துக்கொண்டிருப்பது. இதில் எந்த இதழ், எந்தப் பகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் இதழ் சரிந்தால் ஜெட், அதாவது கசிந்து பாயும் ரத்தத் தாரை, முன்பக்கம் ஓடும், முன் இதழ் சரிந்தால் பின்பக்கம். கலர் போடும் முன்பே ஜெட் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் ஊரில் இன்னும் நிறையப் பார்க்கும் ருமாட்டிக் வால்வு. இதழ் தடித்து, முன் இதழ் திறக்கும்போது ஹாக்கி மட்டை போல வளைந்து, பின் இதழ் அசையாமல் விறைத்து நிற்கும். கூடவே ஸ்டெனோசிஸ் (வால்வு குறுகுவது) இருக்கலாம். அது இருந்தால் பின்னால் சில அளவுகளைப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது, இதழ்கள் நன்றாகவே இருக்கும். கீழறை விரிந்து இதழ்களைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். அவை நடுவில் சேர முடியாமல் நிற்கும். மாரடைப்புக்குப் பின்னும் இதயத் தசை பலவீனத்திலும் வருவது இது. செகண்டரி கசிவு என்கிறோம். பீசா அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

இந்தச் சுற்றிலேயே இடது மேலறை, இடது கீழறை அளவுகளையும் எடுத்துவிடுங்கள். பல வருடமாகக் கடுமையாகக் கசியும் வால்வு, மேலறையைச் சாதாரண அளவில் விட்டு வைக்காது. நாண் அறுந்தது போலத் திடீரென்று கசிவு வந்தவருக்குத்தான் பெரும்பாலும் சின்ன மேலறையோடு கடுமையான கசிவு சேர்ந்து வரும். அவர் பெரும்பாலும் மூச்சுத் திணறலோடு வந்திருப்பார்.

3. கலர் அமைப்பைச் சரி செய்வது

கலர் ஸ்கேலை, அதாவது கலர் காட்டும் வேக வரம்பை, விநாடிக்கு 50 முதல் 70 செ.மீ. வரை வையுங்கள். பேஸ்லைன் (கலர் பட்டையில் வேகம் பூஜ்யமாகும் கோடு) நடுவில் இருக்கட்டும். முந்தைய நோயாளிக்குப் பேஸ்லைனை நகர்த்தி வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும்; ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

கலர் கெயினுக்கு (சிக்னலை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அமைப்பு) ஒரே வழிதான். ரத்தம் ஓடாத இடத்திலும் புள்ளி புள்ளியாகக் கலர் தெறிக்கும் வரை ஏற்றுங்கள். பிறகு அந்தப் புள்ளிகள் மறையும் வரை மட்டும் இறக்குங்கள். கெயினை ஏற்றி இறக்கி எந்தக் கசிவையும் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டிவிடலாம் என்பதால் இதைக் கண் மதிப்பீட்டுக்கு விடக் கூடாது.

கலர் பெட்டியை வால்வும் மேலறையும் அடங்கும் அளவுக்குக் குறுக்குங்கள், ஆழத்தையும் குறையுங்கள். பெட்டி அகலமானால் ஃபிரேம் வேகம் விழுந்துவிடும். ஒரு சிஸ்டோலுக்கு நாலைந்து படம்தான் கிடைக்கிறது என்றால், அதில் சரியான தருணம் ஒன்றில்கூட அகப்படாமல் போகலாம்.

4. ஜெட்டைப் பின்தொடர்வது, ஆனால் அதன் பரப்பை அளக்காமல்

இப்போது எல்லா வியூவிலும் கலரோடு பாருங்கள். கசிவுக்கு மூன்று பகுதிகள் உண்டு. கீழறைப் பக்கம் ரத்தம் துளையை நோக்கிக் குவியும் இடம். துளையைத் தாண்டியதும் வரும் குறுகிய கழுத்து, அதாவது வீனா கான்ட்ராக்டா. மேலறைக்குள் விரியும் ஜெட். கண்ணைப் பறிப்பது மூன்றாவது. அளக்க வேண்டியவை முதல் இரண்டும்.

மேலறையில் பாதிக்கு மேல் கலர் நிரம்பியிருந்தால் கடுமையான கசிவு என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் எட்டிப் பாயும். அதற்காக அதிகத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தமில்லை. ஜெட்டின் பரப்பும் அப்படித்தான். வேகமாகப் பாயும் சின்னக் கசிவு, சுற்றி நிற்கும் ரத்தத்தையும் தள்ளிக்கொண்டு பெரிதாகத் தெரியும்.

நேர்மாறாக, மேலறைச் சுவரை ஒட்டி ஓடும் ஜெட் சுவரில் தட்டையாகப் படிந்துவிடும். புரொலாப்ஸில் இது அடிக்கடி வரும். திரையில் மெல்லிய கலர் கோடுதான் இருக்கும். உண்மையில் கசிவு கடுமையாக இருக்கும். மெல்லிய ஜெட் சுவரைச் சுற்றி வளைந்து ஓடுவதைக் கண்டால் சந்தேகத்தோடு கீழறைப் பக்கம் பாருங்கள். அங்கே குவியும் இடம் பெரிதாக இருந்தால் ஜெட்டின் அளவை நம்ப வேண்டாம்.

குவியும் இடமே தெரியாமல், மெல்லிய கழுத்தோடு, நடுவில் ஓடும் சின்ன ஜெட் என்றால் அது இலேசான கசிவு. மற்ற அடையாளங்களும் ஒத்துப்போனால் அதற்கு மேல் எண் தேட வேண்டியதில்லை. இல்லாத அரைக்கோளத்தைத் தேடிப் பிடித்து அளந்தால் தவறான எண்தான் வரும்.

இதே இடத்தில் படத்தை நிறுத்தி, டிராக்பாலை உருட்டி, ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். வால்வு மூடியதிலிருந்து திறக்கும் வரை கசிவு இருக்கிறதா? பிற்பாதியில்தான் தொடங்குகிறதா? குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது படியில் இது தேவைப்படும்.

5. வீனா கான்ட்ராக்டா

பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸில் வால்வை ஜூம் செய்யுங்கள். ஃப்ரீஸ் செய்த பிறகு பெரிதாக்குவதில் பயனில்லை, ஏற்கெனவே உள்ள புள்ளிகள் பெரிதாகும், அவ்வளவுதான். ஓடும் படத்தை ஜூம் செய்தால் மெஷின் அந்த இடத்துக்கே கூடுதல் விவரம் கொடுக்கும்.

குவியும் இடம், கழுத்து, ஜெட் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கழுத்தின் மிகக் குறுகிய இடத்தை, ஜெட்டுக்குக் குறுக்காக அளந்துகொள்ளுங்கள். 0.3 செ.மீ.-க்குக் கீழ் என்றால் இலேசானது, 0.7 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. நடுவில் வரும் எண்ணை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது.

ஏபிக்கல் டூ சேம்பரில் இதை அளக்காதீர்கள். அந்த வியூ இரண்டு இதழ்களும் சேரும் கோட்டுக்கு இணையாகப் போகிறது. அதனால் சின்னக் கசிவுகூட அகலமான கழுத்தோடு தெரியும். இரண்டு மூன்று தனித்தனி ஜெட் இருந்தால் ஒவ்வொன்றின் கழுத்து அகலத்தையும் கூட்டுவதும் செல்லாது.

6. பீசா: ஆரத்தை எடுப்பது

ஒரு சின்னத் துளையை நோக்கி ரத்தம் வரும்போது, நெருங்க நெருங்க வேகம் கூடும். ஒரே வேகம் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் துளையைச் சுற்றி ஓர் அரைக்கோளம் கிடைக்கும். அந்த அரைக்கோளத்தின் பரப்பையும் அங்குள்ள வேகத்தையும் பெருக்கினால் விநாடிக்கு எவ்வளவு ரத்தம் துளைக்குள் போகிறது என்று வந்துவிடும். எந்த வேகம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்: கலர் எங்கே மாறுகிறதோ அந்த வேகம்.

ஏபிக்கல் ஃபோர் சேம்பரில் தொடங்குங்கள். ஜெட் சாய்ந்து ஓடினால் புரோப்பைச் சற்று நகர்த்தி, குவியும் இடம் புரோப்பின் அல்ட்ராசவுண்ட் கதிரின் நேர்க்கோட்டில் வரும்படி செய்யுங்கள். வால்வை ஜூம் செய்து, கலர் பெட்டியை இன்னும் குறுக்குங்கள்.

இப்போது பேஸ்லைன். ஏபிக்கல் வியூவில் கசிவு புரோப்பை விட்டு விலகி ஓடுகிறது, அதனால் நீலம். பேஸ்லைனை ஜெட் போகும் திசையில், அதாவது கீழே நகர்த்துங்கள். கலர் பட்டையின் கீழ் எண் 30 முதல் 40-க்குள் வரட்டும். நீலம் சட்டென்று மஞ்சளாக மாறும் எல்லை, தெளிவான அரை வட்டமாகத் தெரியும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் ஜெட் புரோப்பை நோக்கி வருவதால் மேலே நகர்த்த வேண்டும்.

குறித்துக்கொள்ள வேண்டிய வேகம் கீழ் எண்தான். பேஸ்லைனைக் கீழே நகர்த்தும்போது மேல் எண் ஏறிவிடும்; அதைப் பார்த்து எழுதிவிட்டால் கசிவு இரண்டு மூன்று மடங்காகிவிடும். சில மெஷின்களில் இந்த எண்ணைக் கையால்தான் கொடுக்க வேண்டும் என்பதால், கணக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திரையோடு ஒத்துப் பாருங்கள்.

எந்த ஃபிரேம்? புதியவர்கள் அரைக்கோளம் மிகப் பெரிதாகத் தெரியும் ஃபிரேமைத் தேடிப் பிடிக்கிறார்கள். அது தவறு. அடுத்த படியில் எடுக்கப்போகும் உச்ச வேகம் எந்தத் தருணத்தில் வருகிறதோ, அதே தருணத்தின் ஆரம்தான் வேண்டும். பெரும்பாலும் அது சிஸ்டோலின் நடுப்பகுதி. ஈ.சி.ஜி.-யைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது துளையிலிருந்து, நீலம் மஞ்சளாக மாறும் எல்லை வரை, கதிரின் திசையில். எல்லை தெளிவாகத் தெரியும். துளை எங்கே என்பதுதான் தெரியாது. மேலே கலர் மூடியிருக்கும். அதற்குத்தான் கலரை மறைக்கும் பட்டன். அதே ஃபிரேமில் கலரை ஒரு முறை எடுத்துவிட்டு இதழ்களின் நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், காலிப்பரின் (திரையில் அளக்கும் குறி) ஒரு முனையை அங்கே வையுங்கள், பிறகு கலரைத் திரும்பக் கொண்டுவந்து மறுமுனையை எல்லையில் வையுங்கள். பக்கவாட்டில் அளக்க வேண்டாம். கதிருக்குக் குறுக்கே போகும் ஓட்டத்தை டாப்ளர் சரியாகப் பார்ப்பதில்லை.

சீரான இதயத் துடிப்பில் இரண்டு மூன்று துடிப்புகளின் சராசரி போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பு) என்றால் குறைந்தது ஐந்து.

7. சி.டபிள்யூ. டாப்ளர்

கண்டினியூவஸ் வேவ் (சி.டபிள்யூ.) டாப்ளர் ஒரு நேர்க்கோட்டில் உள்ள எல்லா வேகத்தையும் படிக்கும். அதன் கர்சரை ஜெட்டோடு இணையாக, குவியும் இடத்தின் வழியாகப் போகும்படி வையுங்கள். ஸ்வீப் வேகம் 100-ல் இருக்கட்டும். உச்ச வேகத்தையும், அலையின் விளிம்பைச் சுற்றி வரைந்து வி.டி.ஐ. எண்ணையும் (அந்த நேரம் முழுக்க வேகத்தைக் கூட்டினால் வரும் தூரம், செ.மீ.-யில்) எடுங்கள். மைட்ரல் கசிவின் உச்ச வேகம் பொதுவாக விநாடிக்கு 5 முதல் 6 மீட்டர். அழுத்தம் குறைந்த நோயாளிக்கு 4 மீட்டரும் வரலாம்.

இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, சுவரை ஒட்டிச் சாய்ந்து ஓடும் ஜெட்டில் அலையின் விளிம்பு முழுமையாக வராது. இல்லாத விளிம்பைக் கற்பனையாக வரைவது. வேறு வியூவில் முயலுங்கள். வரவில்லை என்றால் அளவை விட்டுவிடுவது மேல்.

மற்றொன்று, அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸின் (கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு குறுகுவது) அலையை மைட்ரல் கசிவு என்று எடுத்துக்கொள்வது. இரண்டும் ஏபிக்கல் வியூவில் கீழ்நோக்கித்தான் வரும். மைட்ரல் கசிவு வால்வு மூடிய உடனே தொடங்கி, அயோர்ட்டிக் வால்வு மூடிய பிறகும் நீடித்து, மைட்ரல் திறக்கும் வரை போகும். அயோர்ட்டிக் அலை தாமதமாகத் தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடும்.

அலையின் தோற்றத்தையும் கவனியுங்கள். மைட்ரல் வழியாக உள்ளே வரும் ஓட்டத்துக்கு நிகரான அடர்த்தியோடு இருந்தால் கசிவு அதிகம். வழுவழுப்பான வளைவாக இல்லாமல், சீக்கிரம் உச்சத்துக்குப் போய் முக்கோணமாகச் சரிந்தால், மேலறையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

8. கணக்கு, அது ஏமாற்றும் இடங்கள்

ஓட்டம் = 6.28 × ஆரம் × ஆரம் × கலர் மாறும் வேகம்.
துளைப் பரப்பு = ஓட்டம் ÷ உச்ச வேகம்.
ஒரு துடிப்புக்குக் கசியும் அளவு = துளைப் பரப்பு × வி.டி.ஐ.

எல்லாம் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மெஷின் உச்ச வேகத்தை மீட்டரில் காட்டும். கையால் கணக்கிடும்போது 5.2 மீட்டரை 520 ஆக்க மறக்காதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலர் மாறும் வேகம் 38, உச்ச வேகம் 520, வி.டி.ஐ. 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 0.9 செ.மீ. என்றால் ஓட்டம் விநாடிக்குச் சுமார் 193 மி.லி., துளைப் பரப்பு 0.37 சதுர செ.மீ., கசிவு 56 மி.லி.

இப்போது காலிப்பரை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். ஆரம் 1.0 ஆனால் துளைப் பரப்பு 0.46, கசிவு 69 மி.லி. ஆரம் 0.8 ஆனால் துளைப் பரப்பு 0.29, கசிவு 44 மி.லி.

துளைப் பரப்பு 0.40 அல்லது கசிவு 60 மி.லி. எட்டினால் கடுமையானது. 0.20-க்கும் 30 மி.லி.-க்கும் கீழே இலேசானது. ஆக, ஒரே நோயாளி, இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர்; மிதமான கசிவின் கீழ்ப் பாதியிலிருந்து கடுமையான கசிவுக்குப் போய்விட்டார். ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. ஜூம், கலரை மறைக்கும் பட்டன், சராசரி என்று ஆறாவது படியில் இத்தனை தூரம் வலியுறுத்தியது இதற்காகத்தான். 0.37 வந்தால் அதை "மிதமானது, ஆகவே கவலையில்லை" என்று படிக்கக் கூடாது, 0.42 வந்தால் உடனே அலறவும் கூடாது.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கலர் மாறும் வேகத்தை 40-க்கு அருகில் வைத்து, உச்ச வேகம் 5 மீட்டர் அளவில் இருந்தால், ஆரத்தை ஆரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தாலே துளைப் பரப்பு வந்துவிடும். மெஷின் தரும் எண் அபத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க இது போதும்.

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகும் இடங்கள் உண்டு. அதிகம் பார்ப்பது புரொலாப்ஸில், பிற்பாதியில் மட்டும் கசியும் வால்வு. அரைக்கோளம் பெரிதாக இருக்கும், துளைப் பரப்பு 0.40-ஐத் தாண்டும், ஆனால் கசிவது சிஸ்டோலின் பாதி நேரம்தான். இவர்களுக்குத் துளைப் பரப்பை வைத்து முடிவு சொல்லாமல், கசியும் நேரத்து வி.டி.ஐ.-யை மட்டும் வரைந்து கசிவை மி.லி.-யில் சொல்லுங்கள். நான்காவது படியில் குறித்தது இங்கே கைகொடுக்கும்.

செகண்டரி கசிவில் துளை வட்டமாக இருக்காது. இதழ்கள் சேரும் கோட்டோடு நீண்ட பிறையாக இருக்கும். அரைக்கோளம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் குறைவாக வரும். அதனால் இவர்களுக்குத் துளைப் பரப்பு 0.30-ஐத் தாண்டினாலே கடுமையான கசிவாக இருக்கலாம் என்று வழிகாட்டுதலும் சொல்கிறது. சிஸ்டோலின் தொடக்கத்திலும் முடிவிலும் கசிவு கூடி, நடுவில் குறைவதும் இவர்களிடம்தான்.

குவியும் இடத்தைக் கீழறைச் சுவர் ஒரு பக்கம் வெட்டினால், முழு அரைக்கோளம் இல்லாததால் எண் கூடுதலாக வரும். அங்கே ரத்தம் குவிய உள்ள கோணத்தை அளந்து, அதை 180-ஆல் வகுத்து, விடையோடு பெருக்க வேண்டும்.

9. வேறு வழியில் சரிபார்ப்பது

பீசா சொல்வதை வேறொன்று உறுதி செய்யாமல் ரிப்போர்ட்டுக்குப் போகாதீர்கள்.

நுரையீரல் சிரையில் பல்ஸ்டு வேவ் (ஒரே இடத்தின் வேகத்தை மட்டும் படிக்கும் டாப்ளர்) வைத்துப் பாருங்கள். சிஸ்டோலில் ஓட்டம் திரும்பிப் போனால் கடுமையான கசிவுக்கு வலுவான சான்று. சுவரை ஒட்டி ஓடும் ஜெட் ஒரு சிரைக்குள் நேராகப் பாய்ந்து அதில் மட்டும் ஓட்டத்தைத் திருப்பலாம் என்பதால், முடிந்தால் இன்னொரு சிரையையும் பாருங்கள். மைட்ரல் ஈ அலை, அதாவது டயஸ்டோல் (கீழறை விரியும் நேரம்) தொடக்கத்தில் மைட்ரல் வழியாக ரத்தம் உள்ளே வரும் வேகம், விநாடிக்கு 1.2 மீட்டரைத் தாண்டுவதும் ஓர் அடையாளம். ருமாட்டிக் வால்வில் ஸ்டெனோசிஸ் இருந்தால் மட்டும் இதை மறந்துவிடுங்கள், அங்கே ஈ அலை எப்படியும் உயர்ந்துதான் இருக்கும்.

அடுத்தது, உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழிக்கும் முறை. இரண்டுக்கும் சூத்திரம் 0.785 × விட்டம் × விட்டம் × வி.டி.ஐ. மைட்ரல் வளையத்தின் விட்டம் 3.3 செ.மீ., வளைய மட்டத்தில் எடுத்த வி.டி.ஐ. 13 என்றால் உள்ளே வருவது 111 மி.லி. கீழறையின் வெளியேறும் வழி 2.0 செ.மீ., வி.டி.ஐ. 18 என்றால் வெளியே போவது சுமார் 56 மி.லி. வித்தியாசம் 55 மி.லி.; உள்ளே வந்ததில் பாதி திரும்பிப் போகிறது. மேலே பீசாவில் வந்த 56-ஓடு ஒத்துப்போகிறது. நல்லது. ஆனால் வளையத்தை 3.5 என்று அளந்திருந்தால் கசிவு 68-க்கு ஏறியிருக்கும். இங்கும் விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. அயோர்ட்டிக் வால்வும் குறிப்பிடத்தக்க அளவு கசிந்தால் இந்தக் கழித்தல் செல்லாது. பல்ஸ்டு வேவ் சாம்பிளை இதழ் நுனியில் வைப்பதும் வழக்கமான பிழை. விட்டம் எங்கே அளந்தீர்களோ அங்கேயே வேகத்தையும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது சோதனைக்குப் புதிதாக எதையும் அளக்க வேண்டாம். கீழறை விரிந்தபோது உள்ள கொள்ளளவு 90 மி.லி., ஒரு துடிப்புக்கு அதில் 60 சதவீதம் வெளியேறுகிறது என்றால் மொத்தம் 54 மி.லி. அதற்குள்தான் அயோர்ட்டாவுக்குப் போவதும் கசிவும் இரண்டும் அடங்க வேண்டும். பீசா 60 மி.லி. கசிவு என்று சொன்னால் ஏதோ ஒன்று தவறு. கீழறையின் நுனியை வெட்டிக் குறுக்கி எடுத்திருந்தால் கொள்ளளவு குறைவாக வந்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

10. எண்கள் ஒத்துப்போகாதபோது

சராசரி எடுக்காதீர்கள். ஒரு அளவு கடுமையானது என்றும் இன்னொன்று இலேசானது என்றும் சொன்னால், நடுவில் வைத்து "மிதமானது" என்று எழுதுவது இரண்டு தகவலையும் வீணாக்குவது.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் ரத்த அழுத்தத்தை மறுபடி பாருங்கள். பிறகு பீசா படத்தைத் திறந்து துளையின் இடமும் ஃபிரேமும் சரியா என்று பாருங்கள், நேரம் முழுக்கக் கசிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மேலறை, கீழறை அளவுகளோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான முரண்பாடுகள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராதபோது "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று டாக்டரிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம். உணவுக்குழாய் வழி எக்கோவும் இதய எம்.ஆர்.ஐ.-யும் இதற்காகத்தான் இருக்கின்றன. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, எக்கோவில் இலேசான கசிவுதான் தெரிகிறது என்றால் நிச்சயம் சொல்லுங்கள். சுவரை ஒட்டிய ஜெட் ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

11. மற்ற வால்வுகளுக்குப் போகும்போது

முறை அதேதான், எண்கள் வேறு. அயோர்ட்டிக் கசிவில் வீனா கான்ட்ராக்டா 0.6 செ.மீ.-ஐத் தாண்டினால், துளைப் பரப்பு 0.30 எட்டினால், கசிவு 60 மி.லி. எட்டினால் கடுமையானது. அங்கே இறங்கு அயோர்ட்டாவில் டயஸ்டோல் முழுக்க ஓட்டம் திரும்புகிறதா என்பதுதான் நல்ல சாட்சி. டிரைகஸ்பிட் கசிவில் கழுத்து 0.7 செ.மீ., துளைப் பரப்பு 0.40, கசிவு 45 மி.லி.; சாட்சி, கல்லீரல் சிரையில் ஓட்டம் திரும்புவது. மைட்ரலின் 60-ஐ அங்கே கொண்டுபோய் வைத்தால் கடுமையான டிரைகஸ்பிட் கசிவுகள் தப்பிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ருமாட்டிக் பாதிப்பைத் தேடும் முகாம்களில் கேள்வியே வேறு. அங்கே அளவு முக்கியமில்லை, கசிவு இயல்பானதா நோயின் அடையாளமா என்பதுதான். உலக இதயக் கூட்டமைப்பின் 2023 அளவுகோலின்படி, ஜெட் இரண்டு வியூவில் தெரிந்து, ஒன்றிலாவது 2 செ.மீ. (எடை 30 கிலோவுக்குக் கீழ் என்றால் 1.5 செ.மீ.) நீளமிருந்து, வேகம் விநாடிக்கு 3 மீட்டரை எட்டி, சிஸ்டோல் முழுக்க நீடித்தால்தான் மைட்ரல் கசிவை நோய்க்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே பீசா போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

12. ரிப்போர்ட்டில் எழுதுவது

"கடுமையான மைட்ரல் கசிவு" என்ற ஒரே வரி அடுத்தவருக்கு உதவாது. எழுத வேண்டியவை: கசிவின் காரணம், எந்த இதழின் எந்தப் பகுதி, ஜெட்டின் திசை, சிஸ்டோலில் எப்போது, வீனா கான்ட்ராக்டா, ஆரம், கலர் மாறும் வேகம், துளைப் பரப்பு, மி.லி.-யில் கசிவு, நுரையீரல் சிரை, மேலறை, கீழறை அளவுகள், எக்கோ நேரத்து ரத்த அழுத்தமும் துடிப்பும்.

ஆரத்தையும் கலர் மாறும் வேகத்தையும் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு மாதம் கழித்து துளைப் பரப்பு 0.30-லிருந்து 0.42 ஆகியிருந்தால், வால்வு மோசமானதா அல்லது காலிப்பர் நகர்ந்ததா என்று பழைய எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும். அளந்த ஃபிரேமையும் காலிப்பரோடு சேமித்து வையுங்கள். ஏதாவது ஒரு அளவை எடுக்க முடியாமல் போனால், அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஏன் எடுக்கவில்லை என்று எழுதுங்கள்: "சி.டபிள்யூ. அலையின் விளிம்பு முழுமையாக வரவில்லை" என்ற ஒரு வரி போதும்.